பெயர் தேய்த்த கை யாருடையது?

எகிப்தின் சக்காரா. ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு. அதன் கிழக்குப் பக்கத்தில் செங்குத்தாக இறங்கும் 11 குழிகள், ஒவ்வொன்றும் சுமார் 32 மீட்டர் ஆழம். 1930களில் தொல்லியலாளர் குயிபெல்லும் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லோயரும் அடியிலிருந்த சுரங்கங்களுக்குள் புகுந்தபோது, சிலவற்றில் கால் வைக்க இடமில்லை. தரையிலிருந்து கூரைவரை கல் கலங்கள்! கிண்ணம், தட்டு, ஜாடி, குடுவை. கூரை சரிந்ததில் பெரும்பாலானவை நொறுங்கிக் கிடந்தன. மொத்தம் ஏறத்தாழ 40,000.

ஒரு மன்னனுக்கு மறுமையில் இத்தனை பாத்திரம் எதற்கு?

ஒன்றைக் குடைவதே பெரும்பாடு. மேல்முனையில் கற்களைக் கட்டிக் கனமேற்றிய மரத்தண்டு, அதன் அடியில் பிறை வடிவச் சிக்கிமுக்கிக் கல் அல்லது செம்புக் குழாய். தண்டைச் சுழற்றச் சுழற்ற, இடையில் போட்ட மணல்தான் உண்மையில் கல்லைத் தின்னும். அலபாஸ்டர் கொஞ்சம் இரங்கும். டயோரைட் லேசில் மசியாது. குறுகிய வாய்க்குள் கருவியை விட்டு, அகன்ற வயிற்றைக் குடைந்தார்களே, அந்தப் பொறுமைக்கு என்ன கூலி கொடுத்தாலும் தகும்.

வீட்டிலும் இவற்றுக்கு வேலை இருந்தது. கண்மைக்குச் சிமிழ், வாசனைத் தைலத்துக்கு ஜாடி. கல் எண்ணெயை உறிஞ்சாது, பாலைவன வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. கல்லறைக்கும் அவையே போயின. சில கல்லறைகளில் வெளியே முழு ஜாடி போலச் செதுக்கி, உள்ளே பெயருக்கு ஒரு சின்னக் குழி மட்டும் விட்டிருக்கிறார்கள். போனவர் திரும்பி வந்து புகார் சொல்லப்போவதில்லையே!

சக்காராவுக்கே வருவோம். துண்டுகளை ஒட்டி, பொறித்திருந்த எழுத்துகளைப் படித்தவர்களுக்குத் திகைப்பு. அவற்றில் இருந்தவை பெரும்பாலும் ஜோசருக்கு முந்தைய மன்னர்களின் பெயர்கள்: நார்மர், டென், அட்ஜிப், நினெட்ஜெர்... ஜோசரின் பிரமிடுக்குள் ஜோசரின் மூதாதையர் சொத்து! கொள்ளையர்களிடமிருந்து மீட்டதா, அரண்மனைக் கிடங்கைக் காலி செய்ததா?

அதைவிட விசித்திரம் ஒன்று. சில கலங்களில் அட்ஜிப் மன்னனின் பெயர் வேண்டுமென்றே தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. செய்தவன் எதிரி நாட்டான் அல்ல. அட்ஜிப்புக்கு அடுத்து அரியணை ஏறிய செமெர்கெத்.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. அதே சக்காராவில், ஓர் அதிகாரி தன் கல்லறைச் சுவரில் பழைய மன்னர்களின் பட்டியலைப் பொறித்து வைத்தார். அதில் எல்லோருக்கும் மூத்தவனாக நிற்பவன் அட்ஜிப். அப்படியானால், அவன் பெயரை அழித்த செமெர்கெத்தின் பெயர்?

(அடுத்த வாரம்)