சென்னை காசநோய் வேதிச்சிகிச்சை மையம்

சென்னை காசநோய் வேதிச்சிகிச்சை மையம் என்பது காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை முறைகளை ஆராய்வதற்காக 1956 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம் ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கு அமைப்புகளும் இணைந்து இதனை நடத்தின. காசநோயாளரை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்பதை முறையான ஆய்வின் மூலம் நிறுவியது இம்மையத்தின் முதன்மையான பங்களிப்பாகும். இது தற்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் சென்னை சேத்துப்பட்டில் இயங்கி வருகின்றது. உயிர்மருத்துவத் துறையில் பன்னாட்டுக் கூட்டு ஆய்வுகளுக்கு நிதியும் வல்லுநர்களும் திரட்டப்படும் முறைக்கு இந்தியாவின் முன்னோடி எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்று.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காசநோய்க்கான சிகிச்சை என்பது பெரும்பாலும் சானடோரியம் எனப்பட்ட மருத்துவ இல்லங்களில் நீண்டகாலம் தங்கி ஓய்வெடுப்பதாகவே இருந்தது. நல்ல காற்று, சத்துணவு, படுக்கை ஓய்வு ஆகியவை இன்றியமையாதவை எனக் கருதப்பட்டன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் ஆகிய மருந்துகளும் 1952 இல் ஐசோனியாசிடும் பயன்பாட்டுக்கு வந்தன.

இந்தியாவில் பல இலட்சம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்தனர். மருத்துவமனைப் படுக்கைகளோ அவர்களுள் மிகச் சிறு பகுதியினருக்கே போதுமானவையாக இருந்தன. தேவையான அளவுக்குச் சானடோரியங்களைக் கட்டுவது நாட்டின் பொருள்வளத்துக்கு அப்பாற்பட்டதாகும். எனவே புதிய மருந்துகளை வீட்டிலிருந்தே உட்கொண்டால் நோய் குணமாகுமா, அவ்வாறு சிகிச்சை பெறுபவரால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் தொற்றுமா என்னும் இரு வினாக்களுக்கு விடை தேவைப்பட்டது.

கூட்டமைப்பும் பொறுப்புகளும்

மையம் முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகவே தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு வல்லுநர்களை வழங்கியது. மருந்தாய்வுகளைத் திட்டமிடுவதில் முன் அனுபவம் கொண்டிருந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவியல் வழிகாட்டலை ஏற்றுக்கொண்டது. 1948 இல் வெளியான புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை நடத்திய அமைப்பும் இதுவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உள்நாட்டுப் பொறுப்புகளை ஏற்றன. பிரித்தானிய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் (1920–2010) மையத்தின் முதல் அறிவியல் தலைவராகப் பணியாற்றினார்.

திட்டக்காலம் முடிந்த பின்னரும் மையம் கலைக்கப்படவில்லை. 1964 இல் இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையான நிறுவனமாக ஆக்கப்பட்டது. வெளிநாட்டு உதவி குறைந்த பின்னும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் ஆய்வகமும் நிலைத்திருந்தமைக்கு இதுவே காரணமாகும். 1978 இல் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011 இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாற்றப்பட்டது.

சென்னை ஆய்வு

மையத்தின் முதல் ஆய்வு 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிடப்பட்டது. இதில் சென்னை நகரின் ஏழை நோயாளர்கள் 193 பேர் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தம் வீடுகளிலும் மற்றப் பிரிவினர் சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் என்னும் ஒரே மருந்துகளே வழங்கப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தோருக்குச் சிறந்த உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் குறைந்த உணவுடன் வாழ்ந்தனர். பலர் வேலைக்கும் சென்றனர். ஆயினும் ஓராண்டு முடிவில் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையை அடைந்திருந்தனர். பின்னர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோதும் இரு பிரிவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினருக்கு நோய்த்தொற்று கூடுதலாக ஏற்படவில்லை என்பதும் தெரியவந்தது.

நோயின் அறிகுறிகள் மறைந்தவுடன் நோயாளர் மருந்தை நிறுத்திவிடுவதே வீட்டுச் சிகிச்சையின் பெரும் இடர் என இம்மையம் கண்டறிந்தது. இதற்காகச் சிறுநீர்ச் சோதனையும், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணும் முறையும் கையாளப்பட்டன. வாரம் இருமுறை மருத்துவப் பணியாளரின் நேரடிப் பார்வையில் மருந்து வழங்கும் முறையும் இங்கு ஆராயப்பட்டு 1964 இல் முடிவுகள் வெளியாயின. 1990களில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது அடிப்படைகளுள் ஒன்றாக அமைந்தது. 1962 இல் தொடங்கிய இந்திய தேசிய காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே ஏற்றுக்கொண்டது.

செங்கல்பட்டு தடுப்பூசி ஆய்வு

1968 இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியும் மிகப்பெரிய கள ஆய்வு தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியன இதற்கு ஆதரவளித்தன. பெரியவர்களுக்கு ஏற்படும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என 1979 இல் வெளியான முதல் அறிக்கை தெரிவித்தது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகளும் இதனை உறுதி செய்தன. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து பாதுகாப்பு அளிப்பதால் பி.சி.ஜி. தொடர்ந்து வழங்கப்படுகின்றது. எதிர்பார்த்த பயன் கிடைக்காத ஆய்வையும் இறுதிவரை நடத்துவதற்கு நீண்டகால நிதி உறுதி தேவை என்பதை இவ்வாய்வு காட்டுகின்றது.

பிற்கால நிதி ஏற்பாடுகள்

பிற்காலக் கூட்டு ஆய்வுகளில் இரு நாடுகளின் அமைப்புகளும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறை பரவலானது. 2013 இல் தொடங்கிய ரிப்போர்ட் இந்தியா என்னும் காசநோய் ஆய்வுக் கூட்டமைப்புக்கு இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஐக்கிய அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் நிதி வழங்கின. சென்னை நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இதில் பங்கேற்றன.

வெளிநாட்டு நிதியைப் பெறும் தனியார் தொண்டு அமைப்புகள் 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டவை. இவ்வாறு பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதை 2020 ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்தது. நிதி வழங்கும் நாட்டின் கொள்கை மாற்றங்களும் ஆய்வுகளைப் பாதிக்கக்கூடும். அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் தாம் பெறும் மானியத்தின் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு வழங்கும் பழைய முறையை நிறுத்துவதாக ஐக்கிய அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2025 மே மாதத்தில் அறிவித்தன.

உணவு பற்றிய மறு ஆய்வு

சத்துணவு இல்லாமலேயே மருந்து நோயைக் குணப்படுத்தும் என்பது 1959 ஆம் ஆண்டு ஆய்வின் முடிவுகளுள் ஒன்று. நோயாளரின் குடும்பத்தினருக்குச் சத்துணவு வழங்கினால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்பது வேறு வினா. இதனை ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் நடத்தப்பட்ட ரேஷன்ஸ் என்னும் ஆய்வு ஆராய்ந்தது. சென்னை நிறுவனமும் பங்கேற்ற இவ்வாய்வில் 2,800 நோயாளர்களின் குடும்பத்தினர் 10,345 பேர் சேர்க்கப்பட்டனர். கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் ஏற்படுவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023 இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. இவ்வாய்வுக்கான நிதியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே வழங்கியது.

இவற்றையும் பார்க்க

காசநோய்
பி.சி.ஜி. தடுப்பூசி
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்
உலக சுகாதார நிறுவனம்