ஒண்டிக்கட்டைகளின் திருநாள்



போன நவம்பர் 11 அன்று, ஷென்ஜென் நகரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், இன்னைக்கு உங்க நாள்!" என்று செய்தி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு தள்ளுபடி விளம்பரம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாம். தனியாக இருப்பவளுக்கு இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது. சரித்திர டீச்சரிடம் மாட்டிக்கொண்டான், விடுவேனா?

சீன மொழியில் மணமாகாத ஆணை 'குவாங்குன்' என்பார்கள். வெறுங்குச்சி என்று பொருள், கிளை விடாத குச்சி. நம் 'ஒண்டிக்கட்டை'யும் அதே மரத்தில் வெட்டியதுதான். ஆனால் அங்கே அது வெறும் கேலிச்சொல்லாக இருக்கவில்லை. சிங் வம்சத்தின் சட்டத்தில் 'குவாங்குன்' என்றால் வீடு வாசல் இல்லாத போக்கிரி. மரண தண்டனை வரை போகும். பெண் சிசுக்களைக் கொன்ற சமூகத்தில் ஏழை ஆணுக்குப் பெண் கிடைக்காது. அவனைப் பார்த்து அரசே பயந்தது. பிறகு ஒற்றைக் குழந்தைத் திட்டம் வந்தது. 2010 வாக்கில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 118 ஆண் குழந்தைகள் பிறந்தன. (1992-ல் இங்கே தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்று வகுப்பில் பேசினோமே, நினைவிருக்கிறதா?)

1993 வாக்கில் நான்ஜிங் பல்கலைக்கழக விடுதிப் பையன்கள் நாலு ஒன்றுகள் வரும் 11.11-ஐத் தங்கள் நாளாக்கிக் கொண்டார்கள் என்று சொல்வார்கள். காலையில் எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சி நாலு, நடுப்புள்ளிக்கு ஒரு ஆவியில் வெந்த உருண்டை. செலவு அவ்வளவுதான். வசவுச் சொல்லை எடுத்துத் தாங்களே சூடிக்கொண்ட அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

2009-ல் அலிபாபா நிறுவனம் உள்ளே வந்தது. அக்டோபர் விடுமுறை முடிந்து புத்தாண்டு வரும்வரை வியாபாரம் மந்தம். அந்த இடைவெளிக்கு ஒரு பண்டிகை தேவைப்பட்டது. முதல் வருடம் 27 கடைகள், சுமார் 5 கோடி யுவான். 2012-ல் 'இரட்டைப் பதினொன்று' என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார்கள். 2019-ல் ஒரே நாளில் 26,840 கோடி யுவான்! 2022 முதல் மொத்தத் தொகையைச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்களில் பாதிக்குமேல் குடும்பஸ்தர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். குச்சிகளை யாருக்கு ஞாபகம்?

பெண்கள் கதை வேறு. மணமாகாத ஆண் வெறுங்குச்சி என்றால், படித்து வேலைக்குப் போய் மணமாகாத பெண் 'மிச்சமானவள்'. 2007-ல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அந்தச் சொல்லைப் புதுச்சொற்கள் பட்டியலில் சேர்த்தது. கல்வி அமைச்சகம்!

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 34 வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். கல்யாண வீட்டில் "பாவம், கடைசி வரைக்கும் தனியாவே இருந்துட்டா" என்று என் காதுபட நீங்கள் பேசும்போது, பந்தியில் மிஞ்சிப்போன பதார்த்தம் மாதிரிதான் உட்கார்ந்திருப்பேன். சித்தி, அத்தை என்று பாசமாக அழைப்பவர்களும் இதில் அடக்கம். கோபமில்லை, தெரிந்திருக்கட்டும்.

இந்த நவம்பர் 11, வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி போடுகிறேன். தட்டுக்கு நாலு, நடுவில் ஒரு போண்டா. நாலு மணிக்கு மேல் வாருங்கள். கையில் எதுவும் வாங்கி வர வேண்டாம்.