இரு நாட்டுக்கு ஒரு வரலாறு

வடபிரான்ஸில் சோம் ஆற்றங்கரையில் பெரோன் என்றொரு சிறு நகரம் உண்டு. 1916இல் அந்த ஆற்றோரம் நடந்த போரில் மாண்டவர்களும் காயமுற்றவர்களுமாகப் பத்து லட்சம் பேருக்கு மேல். அங்குள்ள முதல் உலகப்போர் அருங்காட்சியகத்தில், 2006 ஜூலையில் ஒரு பாடநூலுக்கு அறிமுக விழா எடுத்தார்கள். பிரெஞ்சில் ஒரு பதிப்பு, ஜெர்மனில் ஒரு பதிப்பு. மொழியைத் தவிரப் பக்கத்துக்குப் பக்கம், படத்துக்குப் படம் இரண்டும் ஒன்றே. 1870க்கும் 1945க்கும் இடையில் மூன்று முறை மோதிக்கொண்ட இரு நாடுகளின் மாணவர்களுக்காக, இரு நாட்டவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய வரலாற்றுப் பாடநூல் அது.

அந்தப் புத்தகத்தின் கதை வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1871இல் தோற்ற பிரான்ஸ் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனியிடம் இழந்தது. பிரெஞ்சு வகுப்பறையின் நிலப்படத்தில் அந்த இடம் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. அதை ஆசிரியர் சிறுவனுக்குச் சுட்டிக்காட்டும் காட்சியை 1887இல் ஆல்பர் பெத்தானியே ஓவியமாகவே தீட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுப் படை செடானில் வீழ்ந்த நாளை ஜெர்மன் பள்ளிகள் ஆண்டுதோறும் கொண்டாடின. இப்படிப் படித்து வளர்ந்த பிள்ளைகள்தாம் 1914இல் துப்பாக்கி ஏந்தினார்கள்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் ஆசிரியர்கள். 1935இல் பாரிஸில் இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கூடி, எந்தெந்த இடத்தில் பாடநூல்கள் பகையை ஊட்டுகின்றன என்று ஆராய்ந்து, உடன்பட்ட கருத்துகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஜூல் ஈசாக். பிரான்ஸின் பல தலைமுறைகள் படித்த வரலாற்றுப் பாடநூல்களின் ஆசிரியர், யூதர். ஹிட்லர் ஆட்சியில் அந்த முயற்சி ஜெர்மன் வகுப்பறைகளை எட்டவில்லை. பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்ததும், ஹிட்லரோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு யூதர் என்பதற்காக ஈசாக்கைக் கல்விப் பணியிலிருந்து நீக்கியது. 1943இல் அவருடைய மனைவியும் மகளும் கைதுசெய்யப்பட்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர்கள் இருந்தும், அவர்களைத் தாங்கும் அரசும் சட்டமும் இல்லாதபோது அந்தத் தாள்களால் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், 1951இல், ஆசிரியர்கள் மறுபடி கூடினார்கள். ஜெர்மனியின் கேயார்க் எக்கெர்ட்டும் பிரான்ஸின் எதுவார் புரூலேயும் இதை முன்நின்று நடத்தினார்கள். 1914 போரை வேண்டுமென்றே விரும்பியதாக எந்த ஓர் அரசையும், எந்த ஒரு மக்களையும் ஆவணங்களைக் கொண்டு குற்றம்சாட்ட முடியாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எக்கெர்ட் அதே ஆண்டு பிரவுன்ஷ்வைக் நகரில் பாடநூல்களை ஒப்பிட்டுத் திருத்தும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றும் அது அவர் பெயரால் இயங்குகிறது. 1963இல் இரு நாடுகளும் நட்புறவுக்கான எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு தொடங்கிய பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் லட்சக்கணக்கான இளைஞர்களை எல்லைக்கு அப்பால் அழைத்துச் சென்றது. ஊரோடு ஊர் உறவு பூண்டது.

அந்த உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டில், 2003 ஜனவரியில், பெர்லினில் இரு நாட்டு மாணவர்களின் இளைஞர் நாடாளுமன்றம் கூடியது. ஒரே வரலாற்று நூல் வேண்டும் என்று அங்கே கேட்டவர்கள் மாணவர்கள். அரசுகள் ஏற்றுக்கொண்டன. எழுதும்போது சச்சரவு வராமல் இல்லை. 1945க்குப் பிந்தைய உலகில் அமெரிக்காவின் பங்கை எப்படிச் சொல்வது, கம்யூனிச ஆட்சிகளை எப்படி மதிப்பிடுவது என்பதில் கருத்து வேறுபட்டது. அந்த வேறுபாட்டை அவர்கள் மூடி மறைக்கவில்லை. இரு நாட்டுப் பார்வைகளையும் அருகருகே வைக்கும் பக்கங்களைச் சேர்த்தார்கள். எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்தது இதுதான். சமாதானத்துக்கு ஒரே கருத்து தேவையில்லை. எதிர்த்தரப்பின் கருத்தைப் பிள்ளைகள் அச்சமின்றிப் படிக்க முடிய வேண்டும்.

2008இலும் 2011இலும் அடுத்த இரு தொகுதிகள் வந்தன. ஜெர்மனியின் 16 மாநிலங்களின் பாடத்திட்டங்களோடும் பிரான்ஸின் பாடத்திட்டத்தோடும் ஒருசேரப் பொருந்துவது கடினமாயிருந்ததால், எதிர்பார்த்த அளவுக்கு எல்லாப் பள்ளிகளுக்கும் அது போகவில்லை. ஆனாலும் வழி திறந்தது. 1972இலிருந்தே பேசிவந்த ஜெர்மனியும் போலந்தும் 2016 முதல் 2020 வரை நான்கு தொகுதிகளாகத் தங்கள் பொது வரலாற்று நூலை வெளியிட்டன.

இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் ஆசிரியர்களைத் திரட்டி இன்னொரு நூல் செய்தார்கள். பக்கத்தின் இருபுறமும் இரு மக்களின் வரலாறு; நடுவில் மாணவர் எழுத வெற்று வரிகள். துணிவிலும் நேர்மையிலும் அது ஐரோப்பிய நூலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆயினும் இரு தரப்புக் கல்வித்துறைகளும் அதைப் பாடநூலாக ஏற்கவில்லை. அங்கே எல்லைத் தகராறு தீரவில்லை, ஆக்கிரமிப்பு நீங்கவில்லை, அச்சம் அகலவில்லை.

பாடநூல் மட்டும் சமாதானத்தைக் கொண்டுவந்துவிடாது. பெரோன் விழாவுக்கு முன்னே உடன்படிக்கை இருந்தது, இளைஞர் பரிமாற்றம் இருந்தது, அரை நூற்றாண்டாகச் சலிக்காமல் கூடிய ஆசிரியர்கள் இருந்தார்கள். போர் ஓய்ந்த எந்த நாட்டிலும் நல்ல நூல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரு தரப்பு ஆசிரியர்களையும் சந்திக்க வைக்கலாம், பிள்ளைகளை ஒருவர் ஊருக்கு மற்றவர் போகவைக்கலாம், இந்தச் சந்திப்புகளை ஆட்சி மாறினாலும் நிறுத்த முடியாதபடி சட்டமாக்கலாம். இந்த வேலை நடந்தால், பொது வரலாறு வேண்டும் என்று பிள்ளைகளே ஒருநாள் கேட்பார்கள்.