அலமோ: மரமன்று, படை

டெக்சாசின் சான் அந்தோனியோ நகரைப் பார்த்துவிட்டு எழுதும் நம்மவர் பலர், அங்குள்ள அலமோ கோட்டையைச் சுற்றிப் பருத்தி மரங்கள் நின்றனவென்றும், ஸ்பானியத்தில் அம்மரத்துக்கு ஆலமோ என்று பெயரென்றும், அதனால் கோட்டைக்கும் அப்பெயர் வந்ததென்றும் எழுதிவிடுகிறார்கள். முதலில், ஆலமோ பருத்தி மரம் அன்று, இலவமும் அன்று. விதையோடு பஞ்சு பறப்பதால் ஆங்கிலத்தார் அதற்குக் காட்டன்வுட் என்று பெயரிட்டனர். அது பாப்லர் இனம். நம் பூவரசின் அறிவியற் பெயரான தெஸ்பீசியா பாப்புல்னியாவில் உள்ள பாப்புல்னியா, பாப்லர் போன்றது என்றே பொருள்படும். மரத்தைக் கண்முன் நிறுத்த விரும்புவோர் பூவரச இலையை நினைத்துக்கொள்ளலாம். ஆலமோவை ஆலமரத்தோடு முடிச்சுப்போட முனைவோருக்கு ஒரே விடை: வேண்டாம். அச்சொல்லின் பிறப்பைச் சிலர் இலத்தீனிலும் சிலர் கோதிக் மொழியிலும் தேடுகின்றனர், வழக்கு தீரவில்லை. ஆலுக்கு அங்கே இடமில்லை.

இனிப் பெயருக்கு வருவோம். கோட்டை முதலில் ஒரு மிஷன், அதாவது சமயப்பணி நிலையம். 1718-இல் பிரான்சிஸ்கத் துறவி ஒலிவாரேஸ் நிறுவிய அந்த மிஷனுக்கு இட்ட பெயர் சான் அந்தோனியோ தெ வலேரோ. பதுவைப் புனிதர் அந்தோணியாரின் பெயரோடு, அன்றைய ஸ்பானிய அரசப் பிரதிநிதி வலேரோ பிரபுவின் பட்டப்பெயரும் சேர்ந்தது. 1724-இல் மிஷன் இன்றைய இடத்துக்கு மாறியது. அப்பாச்சி, கொமாஞ்சி தாக்குதலுக்கு அஞ்சிச் சுற்றுமதில் எழுந்தது. 1793-இல் மிஷன் கலைக்கப்படும்வரை ஏடுகளில் அது வலேரோதான். சுற்றிலும் மரம் நின்றதுதான் காரணமென்றால், அந்த எழுபது ஆண்டுகளும் அம்மரங்கள் எங்கே போயிருந்தன?

1803-ஐ ஒட்டி அங்கே ஒரு குதிரைப்படை குடியேறியது. சான் கார்லோஸ் தெ பர்ராஸ் இரண்டாம் பறக்கும் படை என்பது அதன் முழுப்பெயர். (தேர்தல் காலத்தில் நாம் கேட்கும் அதே சொற்றொடர்தான், ஸ்பானியத்திலும் விரைந்து திரியும் படைக்கு அப்படியே பெயர்.) அப்படை கோவாஉய்லா மாநிலத்து ஆலமோ தெ பர்ராஸ் என்னும் ஊரிலிருந்து வந்தது. ஊர்ப்பெயரால் படையும், படையால் அது தங்கிய இடமும் அழைக்கப்பட்டன. படை வந்த சில ஆண்டுகளிலேயே ஏடுகளில் அலமோ தலைகாட்டத் தொடங்குகிறது. தாய் ஊருக்கு இன்று வியேஸ்கா என்று பெயர். அது இழந்த பெயரைச் சேயிடம் தேட வேண்டியிருக்கிறது. அவ்வூரின் பெயரே மரத்தால் வந்ததுதானே என்பர் சிலர். வரட்டும். அது கோவாஉய்லாவின் மரம், சான் அந்தோனியோவினது அன்று.

மரக்கட்சியார் அடுத்து அலமேதாவைக் காட்டுவர். கோட்டைக்குத் தென்கிழக்கே அப்பெயரில் ஒரு சாலை இருந்தது, மரங்களும் நின்றன. ஆனால் அலமேதா என்பது மரம் நட்ட உலாச்சாலை எதற்கும் ஸ்பானியர் இடும் பொதுப்பெயர். ஊருக்கு ஊர் உண்டு. மெக்சிகப் படையின் பதின்மூன்று நாள் முற்றுகைக்குப் பின் 1836 மார்ச் 6 அன்று கோட்டை வீழ்ந்ததும், காத்து நின்று மாண்ட டெக்சாசியரின் உடல்களை மெக்சிகத் தலைவர் சாந்தா அன்னா எரிக்கச் செய்தது அச்சாலையோரத்தில்தான். அதை மறக்கக் கூடாது. பெயர்க்காரணத்துக்கு மட்டும் அது சான்றாகாது.

போருக்குப் பின் சொல் அடைந்த மாற்றம் தமிழ் படித்தவருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் உழிஞைக்குள் அடக்கிய மதில்காவலைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சி என்று தனித்திணையாக்கியது. பூச்சூடிக் காத்ததால் மரப்பெயர் செயற்பெயராயிற்று. அலமோவும் அப்படியே. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று சான் ஹசிந்தோப் போரில் டெக்சாசியர் அதைப் போர்முழக்கமாகக் கூவியபோது அது இடத்தை மட்டும் குறிக்கவில்லை. விடாமல் காத்து மடிவதையும் குறித்தது. சொல் இவ்வாறு விரிந்துகொண்டிருக்க, அது குறித்த கட்டடம் சுருங்கியது. மே மாதம் பின்வாங்கிய மெக்சிகப் படை மதில்களை இடித்து, அகழியைத் தூர்த்து, மரவேலிகளை எரித்துவிட்டுப் போயிற்று. பின்னர் வந்த அமெரிக்கப் படை மிஷன் கோயிலைப் பண்டகசாலையாக்கிக் கூரை போட்டது. உலகம் அலமோ என்று அடையாளம் காணும் அந்த வளைந்த முகட்டை 1850-இல் கட்டியதும் அதுவே. போரில் மடிந்த எவரும் அந்த முகட்டைக் கண்டதில்லை.

துறவியர் வாழ்ந்து, பிறகு படை தங்கி, போரின் கடைசி உக்கிரத்தைத் தாங்கிய நெடும்பாசறை மளிகை வாணிபத்துக்குப் போயிற்று. 1877-இல் அதை வாங்கிய கிரெனே என்பவர் மரத்தாலான பொய்க்கோபுரமும் பொய்ப்பீரங்கியும் வைத்தார். 1883-இல் டெக்சாஸ் அரசு 20,000 டாலருக்கு அலமோவை வாங்கியது என்கிறார்கள். வாங்கியது கோயிலை மட்டும்! சொல் கோயிலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டெக்சாஸ் செல்வச் சீமாட்டி கிளாரா டிரிஸ்கால் தம் பணத்தைக் கொடுத்துப் பாசறை நிலத்தை மீட்டார், அவருக்கு நன்றி. ஆனால் கோயில் தனித்து விளங்கப் பாசறைச் சுவர் போகட்டும் என்பது அவர் கட்சி. அதீனா தெ சவாலா இதற்கு இணங்காமல் 1908-இல் மூன்று நாள் பாசறைக்குள் தம்மை அடைத்துக்கொண்டார். டெக்சாஸ் குடியரசின் முதல் துணைத்தலைவருடைய பேத்தி அவர். அலமோ என்ற சொல் எந்தச் சுவர்வரை செல்லும் என்பதே அந்த வழக்கு; அதனை அவர் அளவுக்கு உணர்ந்தவர் வேறொருவரை நான் அறியேன். ஆயினும் 1913 வாக்கில் மேல்மாடிச் சுவர்களை இடித்துவிட்டார்கள்.

மரத்தால் வந்த பெயர் என்றால் அது எந்தச் சுவருக்கும் பொதுவாகும். படையால் வந்ததென்றால், கூரையற்றுக் கிடந்த கோயிலுக்கன்று, படை படுத்து எழுந்த பாசறைக்கே முதலில் உரியது. கோயிலின் பெயர் வலேரோ. நெடும்பாசறையே அலமோ என்பது என் துணிபு.