கோரையின் கணக்குப் புத்தகம்

கொங்கு நாட்டுக் குடியானவரிடம் கோரையைப் புகழ்ந்து பேசிப் பாருங்கள், மண்வெட்டியுடன் வருவார்! கிழங்கு ஒன்று மண்ணில் தங்கினால் போதும், மறுபடி முளைத்துவிடும். என் அப்பாரு (பாட்டனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஆயுள் முழுவதும் அதோடு போராடினார்.

அதே குலத்து மலைவாசிகளை நீலகிரிச் சதுப்பில் கண்டபோது என் பரம்பரைக் கோபம் தணிந்தது. தாவர நூலார் 'காரெக்ஸ்' என்று அழைக்கும் அந்த வகை இமயத்திலும் ஆல்ப்ஸ் மலையிலும் குளிரில் வாழ்வது.

சதுப்பு நீரில் மடிந்த கோரையும் புல்லும் லேசில் மக்குவதில்லை. படிந்து படிந்து, பஞ்சு போன்ற கரிய மண்ணாகின்றன. அது மழையை உறிஞ்சி, ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுகிறது.

சரித்திரமும் அதில் பதிந்திருக்கிறது. 1993-இல் விஞ்ஞானி சுகுமாரும் சகாக்களும் அம்மண்ணில் 20,000 ஆண்டுக் கதையைப் படித்தார்கள்: உலகம் குளிர்ந்து வறண்ட காலத்தில் புல் பரவியது, ஈரம் மிகுந்தபோது காடு தழைத்தது.

1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன் மலையேறினார். பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பழம்பெரும் புல்வெளி வெறும் தரிசாகத் தெரிந்தது. யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடவும் ரேயான் நூலுக்கும் என்று நாமும் நட்டோம். சதுப்புகள் பல வற்றின.

பவானி பிறப்பது அந்த மலையில். அப்பாரு கோரையைத் திட்டிவிட்டுப் பவானி வாய்க்காலில்தான் கை கழுவுவார். அந்தத் தண்ணீரைத் தேக்கி அனுப்பியதில் கோரைக்கும் பங்குண்டு என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஆகையால் குற்றமும் நம்முடையதே.