இருக்கிறது, ஆனால் எங்கே?

பொறியியல் மாணவனுக்குத் தேற்றம் என்பது பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்கிற சமாச்சாரம். கணிதவியலாளருக்கு அது வாழ்நாள் வேலை. கணினியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நிரூபிக்கக் கிளம்பியவர்களின் வரலாற்றைப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஏற்கெனவே நிரூபித்து வைத்ததைத் தேடுவதிலேயே அவர்களுடைய கணிசமான நேரம் போயிருக்கிறது.

1967-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் டி ப்ரைன் என்ற கணிதவியலாளர் ஆட்டோமாத் என்றொரு மொழியைத் தொடங்கினார். அதில் எழுதிய நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் இயந்திரமே சரிபார்க்கும். 1970களில் ஜட்டிங் என்பவர், எண்களின் அடிப்படையைப் பற்றி லாண்டௌ எழுதிய புத்தகத்தை முழுசாக அந்த மொழிக்கு மாற்றினார். ஒரு புத்தகம், ஒரு ஆள். எது எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியும். தேடல் ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை பலர் சேர்ந்தபோது வந்தது. போலந்தில் திரிபுலெத்ஸ் 1973-இல் தொடங்கிய மிசார், 1989 முதல் ஒரு பொது நூலகத்தைக் கட்ட ஆரம்பித்தது. அங்கே தேற்றத்துக்குப் பெயர் என்று பார்த்தால் கட்டுரையின் சுருக்கப்பெயரும் ஒரு எண்ணும்தான். வீட்டு எண் மாதிரி. எண் தெரிந்தால் போய்விடலாம், தெரியாவிட்டால் தெருத்தெருவாக அலைய வேண்டும். 2000களில் யோசெஃப் உர்பன் இந்த நூலகத்தை வைத்து இயந்திரக் கற்றலை முயன்றார். நிரூபிக்க வேண்டியதைக் கொடுத்தால், பழைய தேற்றங்களில் எவை உதவும் என்று கணினி ஊகிக்கும். அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் பால்சனின் குழு ஐசபெல் என்ற நிரூபண மென்பொருளுக்கு ஸ்லெட்ஜ்ஹாமர் என்ற கருவியைச் செய்தது. பெரிய நூலகத்திலிருந்து பொருத்தமான சில நூறு உண்மைகளைப் பொறுக்கியெடுத்துத் தானியங்கி நிரூபிகளிடம் அது தள்ளிவிடும். இன்றைக்கு ஏஐ என்று நாம் சொல்வதற்கு ரொம்ப முன்னாலேயே நடந்தது இது.

அப்புறம் லீன். மைக்ரோசாஃப்டில் லியனார்டோ டி மோரா 2013-இல் ஆரம்பித்தது. அதன் நூலகமான மாத்லிப் 2017-இல் தனியாகப் பிரிந்து வளர்ந்தது. இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தேற்றங்கள். இயல் எண்களின் கூட்டலில் வரிசையை மாற்றலாம் என்ற லெம்மாவுக்கு லீனில் 'நாட்.ஆட்_காம்' என்று பெயர். பெயரிடும் விதி பழகிவிட்டால் பாதிப் பெயர்களை ஊகித்துவிடலாம். பழகாதவர்கள் என்ன செய்வார்கள்? லீன்காரர்களின் அரட்டை அறையில் ஒரு பிரிவின் தலைப்பே 'எக்ஸுக்கு நிரல் இருக்கிறதா?' என்பதுதான். யாராவது ஒரு புண்ணியவான் வந்து பெயரைச் சொல்வார். மனிதர்களே அட்டவணையாக இருந்த காலம் அது.

2020 டிசம்பரில் பீட்டர் ஷோல்ட்ஸ தன்னுடைய தேற்றம் ஒன்றையே சரிபார்த்துத் தரும்படி உலகத்திடம் கேட்டார். யோஹான் கமலின் தலைமையில் ஒரு குழு 2022 ஜூலையில் லீனில் அதை முடித்தது. இந்த மாதிரி வேலை நிற்பது ஆயிரக்கணக்கான குட்டி லெம்மாக்களின் மேல். பூஜ்ஜியத்தைக் கூட்டினால் எண் மாறாது என்பதைத் தாளில் யாரும் எழுதமாட்டார்கள். இயந்திரம் அதையும் கேட்கும்.

2023-இல் யோவாக்கிம் பிரைட்னர் லூகிளைச் செய்தார். தெரியாத இடத்தில் அடிக்கோடு போட்டு லெம்மாவின் வடிவத்தை எழுதினால் போதும், கோடிட்ட இடத்தை நிரப்புக என்பது மாதிரி. பெயர் தெரிய வேண்டியதில்லை. அடுத்த வருடம் பீக்கிங் பல்கலைக்கழகத்திலிருந்து லீன்சர்ச் வந்தது. அது ஒவ்வொரு தேற்றத்தையும் சாதாரண மொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டு, நாம் பேச்சுவாக்கில் கேட்பதோடு பொருத்திப் பார்க்கிறது.

இப்போது இந்தக் கருவிகள் ஏஐ முகவர்களின் கைக்கும் போகின்றன. காரணம் இருக்கிறது. மொழி மாதிரிகள் இல்லாத லெம்மாவுக்கு அழகான பெயர் சூட்டி எழுதிவிடும். 2023-இல் மாத்லிப் லீன் 4-க்கு மாறியபோது நிறையப் பெயர்கள் உருமாறின. பழையதைப் படித்து வளர்ந்த மாதிரி, செத்த பெயர்களையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுவதற்கு முன்னால் தேடிப் பார் என்று அதன் கையில் ஒரு கருவியைக் கொடுக்கிறார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. முகவர் தப்பான லெம்மாவை எடுத்துவந்தால் ஒரு சேதமும் இல்லை. லீன் அதை உடனே நிராகரித்துவிடும், கொஞ்சம் நேரம் வீண், அவ்வளவுதான். சரியான லெம்மா இருந்தும் கண்ணில் படாமல் போனால்? எந்தப் பிழைச் செய்தியும் வராது. முகவர் அதையே இன்னொரு பெயரில் புதிதாக நிரூபித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த நிரூபணமும் சரியாகத்தான் இருக்கும். நூலகத்தில் ஒரே லெம்மா இரண்டு பெயரில் உட்கார்ந்திருக்கும், அடுத்துத் தேடி வருபவருக்குக் கூடுதல் நெரிசலாக. பொய்யைப் பிடிக்க அறுபது வருடம் உழைத்து ஒரு காவலாளியை உருவாக்கியிருக்கிறோம். மறந்துபோனதைப் பிடிக்க இன்னும் யாரையும் நிறுத்தவில்லை.