வெண்ணெயும் கடற்பாசியும்: ஒரு சமையற் பரிமாற்றத்தின் வரலாறு

பாரிஸ் நகரின் குடியிருப்புத் தெருக்களில் உள்ள சிறிய பிஸ்ட்ரோக்கள் சிலவற்றில் இன்று அடுப்பின் முன் நிற்பவர்கள் ஜப்பானியர்கள். உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருக்கும். மீனை அறுக்கும் முறையும் சாறு இறக்கும் முறையும் ஜப்பானுடையவையாக இருக்கும். இதனைக் 'கலப்புச் சமையல்' என்று வகைப்படுத்துவது வழக்கம். சமநிலையிலிருந்த இரு மரபுகள் விரும்பி இணைந்தன என்ற தோற்றத்தை அச்சொல் தருகிறது. உண்மையில் இவ்வுறவு சமத்துவத்தில் தொடங்கவில்லை.

675ஆம் ஆண்டில் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தடை செய்தார். பௌத்தச் செல்வாக்கினால் கால்நடை இறைச்சியை விலக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1858இல் பிரான்சு உள்ளிட்ட ஐந்து வல்லரசுகளுடன் ஜப்பான் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அதன் சுங்கவரி உரிமையையும் வெளிநாட்டவர்மீதான நீதி அதிகாரத்தையும் பறித்தன. 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டதைப் பொதுமக்கள் அறியச் செய்தது இந்தப் பின்னணியில் நிகழ்ந்த அரசியற் செயல். அரசு விருந்துகளுக்குப் பிரெஞ்சுச் சமையல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐரோப்பிய அரசவைகளின் பொது உணவுமொழி அதுவே. 1883இல் தோக்கியோவில் திறக்கப்பட்ட ரொக்குமெய்கான் மாளிகையின் விருந்துகளுக்கும் நடனங்களுக்கும் பின்னால் ஒப்பந்தத் திருத்தம் என்னும் இலக்கு இருந்தது. கத்தியும் முள்கரண்டியும் அங்கே நாகரிகச் சான்றிதழ்கள்.

ஆனால் சமையலறை, அரசு வகுத்த எல்லைக்குள் நிற்கவில்லை. பிரெஞ்சுக் 'குரோக்கெட்' மக்களின் 'கொரொக்கே' ஆயிற்று. 'கோத்லெத்' என்பது 'கத்சுரெத்சு' ஆகி, சோற்றுடன் உண்ணும் 'தொன்கத்சு'வுக்கு வழிவிட்டது. மேலைநாட்டுச் சமையற்கத்தியை மாதிரியாகக் கொண்டு ஜப்பானியக் கொல்லர்கள் 'கியூத்தோ'வை உருவாக்கினர். மாட்டிறைச்சி வெட்டுவதற்கான கத்தி என்பதைப் பெயரே காட்டுகிறது. இன்று அக்கத்தி ஐரோப்பியச் சமையலர்கள் நாடி வாங்கும் கருவி. கொடுத்தவர், பெற்றவர் என்ற பாகுபாடு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் திசை மாறியது. அக்கியாமா தொக்குசோ ஐரோப்பாவில் பயின்று திரும்பி, தைஷோ, ஷோவா ஆகிய இரு பேரரசர்களின் காலத்திலும் அரண்மனைத் தலைமைச் சமையலராக இருந்தார். இதழியலாளராக இருந்த த்சுஜி ஷிசுவோ 1960இல் ஒசாக்காவில் சமையற்பள்ளி தொடங்கி, பால் பொகூஸ் போன்ற பிரெஞ்சுச் சமையலர்களை அங்கு வரவழைத்தார். கற்பிக்க வந்தவர்கள் பருவத்திற்கேற்ற பொருள், சிறிய அளவு, தட்டில் வெற்றிடத்திற்குத் தரும் மதிப்பு ஆகியவற்றைக் கைசெக்கி விருந்தில் கண்டனர். 1973இல் கோ, மியோ என்னும் இரு விமர்சகர்கள் அறிவித்த 'புதிய சமையல்' கொள்கைகள் குறுகிய சமையல் நேரத்தையும் கனமான மாவுக் குழம்புகளைக் கைவிடுவதையும் வலியுறுத்தின. இம்மாற்றத்திற்கு ஜப்பான் மட்டுமே காரணம் எனக் கூற முடியாது; பொகூசும் த்ருவாகுரோ சகோதரர்களும் பெர்னான் புவாந்திடம் பயின்ற எளிமையும் அதன் வேர்களுள் ஒன்று. எனினும், பிரெஞ்சு மரபின் உள்வளர்ச்சியாக மட்டும் அதனை எழுதும்போது ஜப்பானின் பங்கு மறைந்துவிடுகிறது.

இரு சமையல்களையும் இணைக்கும் கண்ணி சாறு. பிரெஞ்சு முறையில் எலும்புகள் பல மணிநேரம் கொதித்துச் சுவை இறங்கும். வெண்ணெய் அதற்குத் திண்மை தரும். ஜப்பானியத் 'தாஷி'யில் கொம்பு கடற்பாசியும் உலர்த்திச் சீவிய கத்சுவோ மீனும் சிறிது நேரத்திலேயே சுவையை விடும். 1908இல் இக்கெதா கிக்குனே கொம்புவிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். தாஷியை அடிப்படையாக்கும்போது வெண்ணெயின் அளவைக் குறைத்தும் சுவையின் ஆழத்தைக் காக்க முடிகிறது. பிஸ்ட்ரோவின் குறுகிய சமையலறைக்கு இது ஏற்ற வழி.

2003இல் ஜொயல் ரொபுஷோன் தோக்கியோவிலும் பாரிசிலும் திறந்த உணவகங்களில், சுஷிக் கடைகளில் உள்ளதுபோல், விருந்தினர் சமையலரின் முன்னே அமர்ந்து உண்டனர். 2020இல் கொபயாஷி கெய், பிரான்சில் மிஷ்லின் மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானியச் சமையலரானார். புகழ்பெற்ற பெயர்கள் இவ்வாறு பதிவாகின்றன. பயிற்சிக்கென வந்து பிரெஞ்சுச் சமையலறைகளின் பின்கட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்த இளைஞர்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை. தெருமுனைப் பிஸ்ட்ரோவின் தட்டு அவர்களின் உழைப்பால் ஆனது. 'கலப்பு' என்னும் சொல் விளைவைச் சொல்கிறது. யார் எந்த நிலையில் நின்று கலந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. உணவு வரலாறு கேட்க வேண்டிய கேள்வி அதுவே.